வெளிநாட்டு கிளையன்ட் பணம் தரவில்லை: எந்த நாட்டில் வழக்குப் போடுவது?

கேள்வி:

மதிப்பிற்குரிய வழக்கறிஞருக்கு வணக்கம். நானும் என் தோழியும் சேர்ந்து சிறிய டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறோம். ஜெர்மனியில் மியூனிக் நகரிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு லோகோ, லேபிள்கள், வெப்சைட் எல்லாம் செய்து கொடுத்தோம். பேசிய தொகை 9,600 யூரோ. அட்வான்ஸாக 3,000 வந்தது. மீதி 6,600 யூரோவுக்கு 2025 அக்டோபரில் பில் அனுப்பினோம், கெடு 30 நாள். நவம்பரிலிருந்து வெப்சைட் ஓடிக்கொண்டிருக்கிறது. லேபிள்கள் அச்சாகி விற்பனைக்கே வந்துவிட்டன. பணம் மட்டும் வரவில்லை. முதலில் "அடுத்த வாரம்" என்றார்கள். அப்புறம் "தரம் எதிர்பார்த்தபடி இல்லை" என்றார்கள். இப்போது, "புதிதாக ஒரு கேட்லாக் செய்து கொடுங்கள், பழைய பாக்கியையும் அதோடு சேர்த்துத் தந்துவிடுகிறோம்" என்று மெயில் வந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எங்களிடம் இல்லை. எங்கள் நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குப் போட முடியுமா? சர்வதேச நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே போகலாமா? வெப்சைட்டின் அட்மின் பாஸ்வேர்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அதை முடக்கிவிட்டால் என்ன? கேட்லாக் வேலையை ஏற்கலாமா? (பெயர், நாடு வெளியிட வேண்டாம்.)

பதில்:

வணக்கம். பாஸ்வேர்டு பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

அந்தப் பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். பணம் தராதவருடைய தளமாகவே இருந்தாலும், அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்து முடக்குவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தில் கணினி நாசவேலைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. இன்று பணம் கேட்கும் இடத்தில் இருக்கிறீர்கள். தளத்தை முடக்கினால் நாளைக்கே பதில் சொல்லும் இடத்துக்குப் போய்விடுவீர்கள். அவர்களும் "எங்களுக்கு இத்தனை நாள் வியாபார நஷ்டம்" என்று எதிர்க்கோரிக்கை வைப்பார்கள். பாஸ்வேர்டை ஒப்படைக்கத் தயார் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். சமூக ஊடகத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு "மோசடிக்காரர்கள்" என்று எழுதுவதும் வேண்டாம். பணம் தராதது உண்மை, அதை நிரூபிக்கவும் முடியும். மோசடி என்பது அப்படியில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய வழக்கறிஞர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்புவார்.

சர்வதேச நீதிமன்றம் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருப்பது நாடுகளுக்கு இடையிலான வழக்குகளுக்கான நீதிமன்றம். தனியாரும் நிறுவனங்களும் அங்கே போக முடியாது.

சரி, உங்கள் நாட்டிலேயே வழக்குப் போடலாமா? அநேகமாகப் போட முடியும். வேலை நடந்த இடம் உங்களுடையது என்ற அடிப்படையில் பல நாட்டு நீதிமன்றங்கள் வழக்கை ஏற்கும். எதிர்த்தரப்பு வரவே வராது, நீங்கள் ஒருதலைப்பட்சமாக ஜெயிப்பீர்கள், தீர்ப்பும் கைக்கு வரும். அதற்கு அப்புறம்தான் சிக்கல். தீர்ப்பை வைத்து யாருடைய வங்கிக் கணக்கை முடக்குவீர்கள்? அவர்களுடைய கணக்கு, சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் ஜெர்மனியில் இருக்கின்றன. என்னிடம் இப்படிப்பட்ட கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் "எங்கே வழக்குப் போடுவது" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். "அவர்களுடைய சொத்து எங்கே இருக்கிறது" என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் நாட்டுத் தீர்ப்பை ஜெர்மனிக்கு எடுத்துப் போக முடியாதா என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது, ஆனால் குறுகலானது. ஜெர்மன் நடைமுறைச் சட்டம் சில நிபந்தனைகளை வைக்கிறது. தீர்ப்பளித்த நீதிமன்றத்துக்கு ஜெர்மன் சட்டத்தின் பார்வையிலும் அதிகார வரம்பு இருந்திருக்க வேண்டும். எதிராளிக்கு முறைப்படி சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் நாடும் ஜெர்மன் தீர்ப்புகளை மதிக்கிற நாடாக இருக்க வேண்டும். இதில் சம்மன் ஒன்றிலேயே பலர் சறுக்கிவிடுகிறார்கள். வெளிநாட்டு நீதிமன்ற ஆவணங்களை நேராகத் தபாலில் அனுப்புவதை ஜெர்மனி ஏற்பதில்லை. 1965-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி, அங்கே அதற்கென்று உள்ள அரசு அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும், ஜெர்மன் மொழிபெயர்ப்போடு.

நாடு விட்டு நாடு தீர்ப்புகளை ஏற்பதற்கென்றே 2019-இல் ஹேக்கில் இன்னொரு உடன்படிக்கை உருவானது. டென்மார்க் தவிர்த்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் உக்ரைனுக்கும் இடையே 2023 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனுக்கு 2025 ஜூலை 1 முதல். உங்கள் நாடு அதில் சேர்ந்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். அப்போதும்கூட 6,600 யூரோவுக்காக ஒரு தடவை இங்கே ஜெயித்து, மறுபடி அங்கே போய் அதை ஏற்க வைப்பது இரட்டை வேலை. நேராக ஜெர்மனிக்கே போங்கள் என்பதுதான் என் ஆலோசனை. அவ்வளவு தூரமா என்று மலைக்க வேண்டாம். இந்த மாதிரி பாக்கிக்கு அங்கே இருக்கிற வழி பல நாடுகளில் இருப்பதைவிட எளிது.

அதற்கு முன் ஒப்பந்த விஷயத்தை முடித்துவிடலாம். ஒப்பந்தம் இல்லை என்கிறீர்கள். நீங்கள் இணைத்து அனுப்பிய கோப்புகளைப் பார்த்தேன், இருக்கிறது. வேலை தொடங்கும் முன் அவர்கள் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டரில் வேலையின் விவரம், விலை, தேதி எல்லாம் இருக்கின்றன. அதை ஏற்று நீங்கள் வேலை செய்தீர்கள், அவர்கள் அட்வான்ஸ் கொடுத்தார்கள். இது போதும். ஜெர்மன் சட்டத்தில் இப்படிப்பட்ட வேலைக்கு வாய்மொழி ஒப்பந்தமே செல்லும், கையெழுத்து என்பது நிரூபிக்க வசதி, அவ்வளவுதான்.

அந்த ஆர்டரின் கடைசிப் பக்கத்தைப் படித்தீர்களா? பொடி எழுத்தில் "ஜெர்மன் சட்டம் பொருந்தும், மியூனிக் நீதிமன்றம்" என்று இருக்கிறது. இப்படிப்பட்ட வரியை யாரும் படிப்பதில்லை, கடைசியில் வழக்கு எங்கே நடக்கும் என்று தீர்மானிப்பது அதுதான். அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி சேவை ஒப்பந்தத்துக்குச் சேவை தருபவரின் நாட்டுச் சட்டம்தான் பொதுவாகப் பொருந்தும். அதாவது ஜெர்மன் நீதிபதி உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். கேட்க நன்றாக இருந்தாலும், உங்கள் சட்டம் இன்னதென்று அங்கே நிலைநாட்ட நிபுணர் கருத்து, மொழிபெயர்ப்பு என்று செலவு கூடும். அதனால் அந்தப் பொடி எழுத்து இந்த முறை உங்களுக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது.

ஏனென்றால், வியாபாரிகளுக்கு இடையிலான பாக்கியில் ஜெர்மன் சட்டம் பணம் தர வேண்டியவருக்கு இரக்கம் காட்டுவதில்லை. பில் கிடைத்து, கெடுவும் வந்து 30 நாள் ஆகிவிட்டால் நினைவூட்டல் அனுப்பாவிட்டாலும் அது தாமதம்தான். தாமத வட்டி, ஜெர்மன் மத்திய வங்கி ஜனவரி 1, ஜூலை 1 என ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிக்கும் அடிப்படை விகிதத்தைவிட 9 சதவீதப் புள்ளி அதிகம். அதோடு வசூல் சிரமத்துக்காக 40 யூரோவும் கேட்கலாம். வழக்குப் போடக் காலவரம்பு மூன்று ஆண்டு, அதுவும் பாக்கி உண்டான ஆண்டின் முடிவிலிருந்து எண்ணுவார்கள். உங்கள் பாக்கிக்கு 2028 டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது. ஆனால் அதுவரை அந்த நிறுவனம் இருக்குமா என்பது வேறு கேள்வி.

ஆகவே செலவு செய்யும் முன் அதைப் பாருங்கள். ஜெர்மன் வணிகப் பதிவேடு 2022 ஆகஸ்ட் முதல் இணையத்தில் இலவசம். நிறுவனத்தின் பெயரைப் போட்டால் யார் இயக்குநர், என்ன முகவரி, எந்த வகை நிறுவனம் என்று தெரிந்துவிடும். பெயருக்குப் பின்னால் ஜிஎம்பிஎச் (GmbH, நம்மூர் லிமிடெட் கம்பெனி மாதிரி) என்று இருந்தால் குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ. அதன் சிறிய வடிவமான யுஜி (UG) என்று இருந்தால் 1 யூரோவில்கூடத் தொடங்கியிருக்கலாம். இரண்டிலுமே இயக்குநரின் சொந்தப் பணத்தைப் பொதுவாகத் தொட முடியாது. திவால் அறிவிப்புகளுக்கு நீதிமன்றங்களின் தனி இணையதளம் இருக்கிறது, அதையும் பாருங்கள். திவால் நடவடிக்கை தொடங்கியிருந்தால் வழக்குப் போடுவதில் பொருள் இல்லை. திவால் நிர்வாகியிடம் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டு, கிடைப்பது கிடைக்கட்டும் என்று விட வேண்டியதுதான்.

நிறுவனம் நல்லபடியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் படி ஒரு கடிதம். ஆங்கிலத்தில் மெயில் போட்டாலும், ஜெர்மன் மொழியிலும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பில் எண், தொகை, கெடு தேதி, இதுவரையிலான வட்டி, இன்ன தேதிக்குள் வராவிட்டால் நீதிமன்ற நடவடிக்கை. அவ்வளவு போதும். வருத்தம், கோபம், நீங்கள் பட்ட சிரமம் எதுவும் வேண்டாம். அதைப் படிக்கப் போவது கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். எந்தக் கடிதத்தில் தேதியும் "நீதிமன்றம்" என்ற சொல்லும் இருக்கிறதோ அதைத்தான் அவர் மேலே அனுப்புவார்.

பதில் இல்லை என்றால் அடுத்தது, ஜெர்மன்காரர்கள் மான்ஃபெர்ஃபாரன் என்று சொல்கிற நடைமுறை. விசாரணை இல்லாமலே, பணத்தைக் கட்டு என்று நீதிமன்றம் ஆணை அனுப்பும் முறை இது. யூரோவில் உள்ள பாக்கிக்கு மட்டும்தான் செல்லும், நல்ல வேளையாக உங்கள் பில் யூரோவில். ஜெர்மனியில் முகவரி இல்லாதவர்களின் விண்ணப்பங்களை எல்லாம் பெர்லினில் உள்ள வெடிங் நீதிமன்றம் கவனிக்கிறது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. படிவம் ஜெர்மன் மொழியில், கட்டணம் கேட்கும் தொகையைப் பொறுத்தது. உங்கள் கோரிக்கை நியாயமா என்று இந்தக் கட்டத்தில் நீதிமன்றம் ஆராயாது. ஆணை அவர்கள் கைக்குப் போனதும் மறுப்புத் தெரிவிக்க இரண்டு வாரம். மறுக்காவிட்டால் அமலாக்க ஆணை கேட்கலாம். அதற்கும் ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு வாரம் உண்டு. அதுவும் தாண்டினால் ஒரு தீர்ப்புக்குச் சமமான காகிதம் உங்கள் கையில். வங்கிக் கணக்கை முடக்குவது வரை போகலாம்.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். மறுப்புக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, ஒரு பெட்டியில் குறி போட்டு அனுப்பினால் போதும். உடனே விஷயம் சாதாரண வழக்காகிவிடும். தரம் சரியில்லை என்று ஏற்கெனவே எழுதியவர்கள் குறி போடத் தயங்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அப்போது ஜெர்மன் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் வழக்காளி என்றால், தங்கள் வழக்குச் செலவுக்கு முன்கூட்டியே ஒரு தொகையைப் பிணையாகக் கட்டச் சொல்லி எதிராளி கேட்கலாம். சில நாடுகளுக்கு ஒப்பந்தங்கள் மூலம் இதில் விலக்கு உண்டு, உங்கள் நாட்டுக்கு உண்டா என்பதை அந்த வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்வியாக வையுங்கள். தோற்றவர் வென்றவரின் செலவைக் கட்ட வேண்டும் என்பது அங்கே விதி, ஆனால் சட்டம் நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான். காணொளி மூலம் விசாரணைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மியூனிக்குக்கு விமான டிக்கெட் போட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே பயப்பட வேண்டாம்.

இணையத்தில் தேடினால் "ஐரோப்பியப் பணக்கோரிக்கை ஆணை", "ஐரோப்பியச் சிறு வழக்கு நடைமுறை" என்று இரண்டு கண்ணில் படும். இரண்டாவதன் வரம்பு 5,000 யூரோ, அதனால் உங்கள் தொகைக்கே ஒத்துவராது. முதலாவது, பிரான்ஸிலோ நெதர்லாந்திலோ இருந்துகொண்டு ஜெர்மன் நிறுவனத்திடம் பணம் கேட்பவருக்கு நல்ல கருவி. ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் உங்களுக்கு, ஜெர்மன் நிறுவனத்தை ஜெர்மன் நீதிமன்றத்தில் சந்திக்க அது உதவாது. இரு தரப்பில் ஒருவராவது வழக்கு நடக்கும் நாடல்லாத வேறொரு ஒன்றிய நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இதைச் சொல்லாமல் விடும் கட்டுரைகள் ஏராளம்.

தரம் சரியில்லை என்கிற வாதம் எவ்வளவு தாங்கும்? என் கணிப்பில் அதிகம் தாங்காது. லோகோ, வெப்சைட் போன்றவற்றை ஜெர்மன் சட்டம் பொதுவாக ஒரு முடிவை உருவாக்கித் தரும் ஒப்பந்தமாகப் பார்க்கும். அதில் "ஏற்றுக்கொள்ளுதல்" என்ற கட்டம் முக்கியம். குறை சொல்லாமல் எடுத்துப் பயன்படுத்துவதே ஏற்றுக்கொண்டதற்குச் சமமாகலாம். நவம்பரில் தளத்தைத் திறந்தார்கள், லேபிளை அச்சடித்து விற்கிறார்கள், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை, எது குறை என்று ஒரு தடவைகூடக் குறிப்பாக எழுதவில்லை. தளத்தின் பக்கங்களையும் கடைகளில் உள்ள லேபிள்களையும் இன்றே தேதியோடு படமெடுத்து வையுங்கள், நாளைக்கு அவர்கள் மாற்றிவிடக்கூடும். "எந்தக் குறை, எந்தப் பக்கத்தில், இன்ன தேதிக்குள் எழுதுங்கள், திருத்தித் தருகிறோம்" என்று ஒரு மெயில் போடுங்கள். பதில் வராவிட்டால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

பதிப்புரிமையைக் காட்டி மிரட்டலாமா என்று உங்கள் தோழி கேட்டிருக்கிறார். ஜெர்மனியில் பதிப்புரிமை படைத்தவரை விட்டுப் போகாது, கிளையன்ட்டுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. பணம் முழுதும் வந்த பிறகே அந்த உரிமை மாறும் என்று முன்பே எழுதியிருந்தால் இது உங்களுடைய பெரிய துருப்புச்சீட்டாக இருந்திருக்கும். எழுதவில்லை. கோப்புகளை நீங்களே அனுப்பி, தளத்தையும் நீங்களே ஏற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். அனுமதி கொடுத்துவிட்டுத்தானே செய்தீர்கள் என்பார்கள். இந்த வாதத்தை உங்கள் வழக்கறிஞருக்கு விட்டுவிடுங்கள்.

வசூல் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஜெர்மனியில் இந்தத் தொழிலுக்குச் சட்டப்படி பதிவு வேண்டும், பதிவேடு பொதுவில் கிடைக்கிறது. அப்படிப் பதிவான ஒன்றை அமர்த்துவது நல்ல யோசனைதான், ஒரு கடிதத்திலேயே பணம் வருவதும் உண்டு. ஆனால் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் இவ்வளவு கட்டுங்கள்" என்று தாங்களாகவே தேடி வருகிறவர்களிடம் போகாதீர்கள். பாக்கி பற்றிப் பொதுவெளியில் புலம்பினால் முதலில் வந்து சேர்கிறவர்கள் இவர்கள்தான்.

இதே கேள்வியை வேறு நாட்டு கிளையன்ட்களை வைத்துக் கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழி ஒன்றுதான், கதவு மட்டும் வேறு. இங்கிலாந்து என்றால் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகள் சிறு வழக்காக நடக்கும். தாமத வட்டிக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 8 சதவீதம். சிங்கப்பூரில் சிறு வழக்குத் தீர்ப்பாயத்தின் வரம்பு 20,000 சிங்கப்பூர் டாலர், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. நடுவர் தீர்ப்பு (நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் சொல்வது) என்றால் 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையால் 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் செல்லுபடியாகும் என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். உண்மைதான், பெரிய தொகைக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் உங்கள் அளவு வேலைக்கு, நடுவரின் கட்டணமே பில்லைத் தின்றுவிடும். சின்ன ஸ்டுடியோவுக்கு ஒப்பந்தத்தில் முக்கியமான வரி வேறு: பாதிக்குக் குறையாத அட்வான்ஸ், மீதி வந்த பிறகே மூலக் கோப்புகளும் பயன்பாட்டு உரிமையும்.

கடைசியாகக் கேட்லாக். உங்களுக்கு எரிச்சலூட்டிய அந்த மெயில்தான், நீங்கள் அனுப்பிய கோப்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. "பழைய பாக்கியையும் சேர்த்துத் தந்துவிடுகிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். பாக்கி இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், தரம் பற்றி ஒரு சொல் இல்லை. தரமில்லாத ஸ்டுடியோவிடம் யார் அடுத்த வேலையைக் கொடுப்பார்கள்? கடனை ஒப்புக்கொண்டால் காலவரம்பு புதிதாகத் தொடங்கும் என்பது ஜெர்மன் சட்டம், அதற்கும் இந்த மெயில் பயன்படலாம். அழிக்காமல், அனுப்பியவர், தேதி போன்ற மேல்விவரங்களோடு அப்படியே சேமித்து வையுங்கள்.

வேலையை ஏற்காதீர்கள், ஆனால் மறுக்கவும் வேண்டாம். இப்படிப் பதில் போடுங்கள்: "புதிய வேலைக்கு எங்களை நினைத்ததற்கு நன்றி. 2025 அக்டோபர் பில்லின்படி 6,600 யூரோ நிலுவையில் உள்ளதாக உங்கள் மெயிலிலிருந்து புரிந்துகொள்கிறோம். தொகை சரிதானா என்று ஒரு வரியில் உறுதிப்படுத்துங்கள். அது கணக்கில் வந்ததும் கேட்லாக்குக்கான விலைப்புள்ளியை அனுப்புகிறோம்." தொகையை அவர்கள் கையாலேயே எழுத வைப்பதுதான் இதன் நோக்கம். பத்து நாளில் பணமோ பதிலோ வராவிட்டால் பதிவுத் தபால் கடிதம், அதன் கெடு முடிந்த மறுநாள் பெர்லினுக்கு விண்ணப்பம்.